இடுப்பு வலியோடு மலை சுற்றுபவர்கள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தைக் கடந்து சற்றுத் தூரம் போனால் இடுக்குப் பிள்ளையார் கோயில் வரும். மிகச் சிறிய கட்டடம். நிமிர்ந்தபடி உள்ளே நுழைய முடியாது. ஒருக்களித்துப் படுத்து, தோளை முதலில் விட்டு, இடுப்பைத் திருப்பி, கையை ஊன்றி உடலை இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். இடைக்காட்டுச் சித்தர் அமைத்தது என்று சொல்வார்கள். இப்படி நுழைந்து வந்தால் இடுப்பு வலியும் கை கால் வலியும் தீரும் என்பது நம்பிக்கை. பௌர்ணமி இரவுகளில் இங்கே கூட்டம் காத்து நிற்கும். அதில் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் நிறைய.

வீட்டில் கீழே விழுந்த தம்ளரை எடுக்கக் குனியாத பாட்டி, “இடுப்பு புடிச்சிக்கும், நீயே எடும்மா” என்று மருமகளைக் கூப்பிடுகிறவர், இங்கே உடம்பை இவ்வளவு வளைத்துத் திருப்பி வெளியே வருகிறார். முதுகெலும்பு அதேதான். ஜவ்வும் அதேதான். வீட்டில் குனிந்தால் ஏதோ ஒடிந்துவிடும் என்று நினைக்கிறார். இங்கே பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார். மாறியது அது ஒன்றுதான். முதுமையில் விடாமல் தொடரும் இடுப்பு வலியைப் பற்றி அறிவியல் கடந்த அறுபது ஆண்டுகளில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டைச் சுற்றியே இருக்கிறது.

2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு வாழ்ந்தார்கள் என்றும், 2050இல் அது 84.3 கோடியாகும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. மனிதர்களை இயங்க விடாமல் முடக்கும் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம். எண்பது வயதுவரை வயது ஏற ஏற வலி உள்ளவர்களின் விகிதமும் ஏறுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்த நரம்பு என்று தனியாகக் கைகாட்டக்கூடிய காரணம் இருப்பதில்லை.

இதை மக்கள் நம்புவது கடினம். கையில்தான் ஸ்கேன் படம் இருக்கிறதே! எழுபது வயதுக்காரர் எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்4-எல்5, எல்5-எஸ்1 தட்டுகள் தேய்ந்திருக்கின்றன, பிதுங்கியிருக்கின்றன என்று அறிக்கை வரும். வீட்டுக்கு வருவதற்குள் அது “எலும்பு தேஞ்சு போச்சு”, “ஜவ்வு விலகிடுச்சு” என்று ஆகிவிடும். அன்று முதல் அவர் நாற்காலியில் உட்காரும் விதமே மாறிவிடும்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. அவற்றின் இடையே உள்ள தட்டுகளுக்கு வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். உடம்பில் தனக்கென இரத்த ஓட்டம் இல்லாத உறுப்புகளிலேயே பெரியது இந்தத் தட்டுதான். மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்தை வைத்தே அது பிழைக்கிறது. வயதாக ஆக அதில் நீர் குறையும், உயரம் குறையும், ஓரம் பிதுங்கும். இது யாருக்கு நடக்கிறது? ஏறக்குறைய எல்லோருக்கும். இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை உள்ளடக்கிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்குத் தட்டு தேய்ந்திருந்தது. எண்பது வயதில் அது 96 விழுக்காடு. பிதுங்கல் இருபது வயதில் 30, எண்பதில் 84. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது என்பதை மறந்துவிட வேண்டாம். அதனால் எழுபத்தைந்து வயதில் தேய்மானம் என்று அறிக்கை சொன்னால், அவருக்கு எழுபத்தைந்து வயது என்பதைத் தவிரப் பல நேரம் அது வேறெதையும் சொல்வதில்லை. அறிக்கையை வாங்கிக் கொடுக்கும் மருத்துவர் இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பெரியவர்கள் கட்டிலை விட்டு எழுந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் வலி பொய்யா? இல்லவே இல்லை. வலி முழுக்க உண்மை. ஆனால் அது எலும்பில் மட்டும் உருவாவதில்லை. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இந்தப் புரிதலைத் தொடங்கி வைத்தது. உடம்பிலிருந்து வரும் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. தண்டுவடத்திலேயே அது கூட்டப்படும், குறைக்கப்படும் என்றார்கள். 1983இல் கிளிஃபர்ட் உல்ஃப் இன்னொன்றைக் காட்டினார். காயத்துக்குப் பிறகு தண்டுவட நரம்பணுக்களே கூர்மையடைந்துவிடுகின்றன. அதன் பிறகு மெல்லத் தொட்டாலும் வலிக்கும். பழைய காயம் ஆறி வருடங்கள் ஆன பின்னும் நரம்பு மண்டலம் அந்த விழிப்பைக் கைவிடாமல் இருக்கக்கூடும். தூக்கம் கெட்டால், தனிமை கூடினால், மகன் வீட்டில் மனக்கசப்பு என்றால் வலி ஏறுவது இதனால்தான். அதைக் கேட்டுவிட்டு “எல்லாம் மனசுதான்” என்று பெரியவர்களை ஒதுக்குவது கொடுமை. நரம்பில் நடப்பதும் உடம்பில் நடப்பதுதானே.

பயம் இந்த வலிக்குள் எங்கே நுழைகிறது? கார்த்திகைத் திருவிழாவில் பெரிய தேர் மாட வீதியில் திரும்பும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பத்தில் அது இல்லாவிட்டால் ஆபத்து. ஆனால் நேர்வீதியிலும் எடுக்காமல் விட்டால் எத்தனை பேர் வடம் பிடித்தாலும் தேர் நகராது. முதுகைச் சுற்றியுள்ள தசைகள் அடிபட்ட முதல் சில நாட்களில் இறுகிக்கொள்வது அந்த முட்டுக்கட்டைபோலத்தான். பயம் அதை மாதக்கணக்கில் எடுக்க விடுவதில்லை. எழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது, உடம்பை மரம்போல விறைத்துக்கொண்டு திரும்புவது, குனிவதையே கைவிடுவது எல்லாம் அதன் அடையாளங்கள். இறுகிய தசை சோர்ந்து வலிக்கும். வலித்ததும் பயம் கூடும்.

வயதானவர்களுக்கு இதில் இன்னொரு இழப்பும் சேர்கிறது. 2007இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான 12 பேரைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. இளைஞர் அதைத் திரும்பச் சேர்த்துவிடுவார். எழுபதில் சேர்ப்பது அரும்பாடு. ஓய்வு எடுத்தால் வலியாவது சீக்கிரம் குறையுமா என்றால் அதுவும் இல்லை. 1995இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, முடிந்த அளவு அன்றாட வேலையைப் பார்த்தவர்களே வேகமாகத் தேறினார்கள்.

‘குனியாதீர்கள், கனம் தூக்காதீர்கள்’ என்ற அறிவுரையை இந்த மாவட்டத்துப் பெண்களுக்குச் சொல்லும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிறுவயதிலிருந்து நாற்று நட்டு, களை எடுத்து, மல்லாட்டை பறித்தவர்கள் அவர்கள். வாசலில் கோலம், கிணற்றடியில் குடம், அடுப்படியில் விறகு என்று குனிவதே அவர்கள் நாளின் அமைப்பு. ஆரணியில் குழித்தறியில் உட்கார்ந்து ஆயுளைக் கழித்த நெசவாளியின் முதுகும் அப்படித்தான். அந்த உழைப்பு முதுகை வருத்தியது உண்மை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் குனியவே கூடாது என்று கேட்டவர் வீட்டில் செல்லாக்காசாக உணர்கிறார். வேலையைச் சிறு சிறு பங்காக்கி, நடுவே நிமிர்ந்து நடந்து, முழுக் குடத்தை இரண்டு அரைக் குடமாக்கி, மெல்லப் பழைய அளவை நோக்கிப் போவதுதான் முதுகுக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

பெரியவர்களிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வகை வலி உண்டு. சிறிது தூரம் நடந்ததும், அல்லது தரிசன வரிசையில் கொஞ்ச நேரம் நின்றதும், இடுப்பிலிருந்து இரண்டு கால்களுக்கும் வலி இறங்கும், மரத்துப்போகும். திண்ணையில் உட்கார்ந்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். முன்னால் குனிந்தால் நிம்மதி. நடக்க முடியாதவர் சைக்கிளில் ஜம்மென்று போவார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கைப்பிடியில் சாய்ந்து நடந்தாலும் தூரம் கூடும். இது தண்டுவடக் குழாய் குறுகுவதால் வருவது. டச்சு அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954இல் இதைத் தெளிவாக விவரித்தார். நிமிர்ந்து நிற்கும்போது குழாய் இன்னும் குறுகும், குனிந்தால் சற்று அகலும். இவர்களுக்குக் கைத்தடியை முன்னால் ஊன்றிச் சற்றுச் சாய்ந்து நடப்பதும், உட்கார்ந்து உட்கார்ந்து போவதும் அவமானம் இல்லை. அவர்கள் உடம்புக்குப் பொருந்திய நடையே அதுதான். கோயிலுக்குள் நெடுநேரம் நிற்கும் வரிசை இவர்களுக்குக் கிரிவலத்தைவிடக் கடினம்.

நடையைப் பற்றிய நல்ல செய்தி 2024இல் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இடுப்பு வலி வந்து குணமான 701 பேரை இரண்டு குழுவாக்கினார்கள். ஒரு குழுவினருக்குப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில், ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்ற அளவை நோக்கி நடக்கப் பழக்கினார்கள். வலியைப் பற்றியும் விளக்கினார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர எடுத்த இடைநிலைக் காலம் 208 நாள். மற்றவர்களுக்கு 112 நாள். இதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 54. அவர்கள் ஏற்கெனவே குணமானவர்கள். எழுபத்தைந்து வயதில் பத்தாண்டாக வலிப்பவருக்கு இதே கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சி பற்றிய 249 ஆய்வுகளை 2021இல் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. நூறு புள்ளி அளவுகோலில், பயிற்சி செய்யாதவர்களைவிடச் சராசரியாகப் பதினைந்து புள்ளி வலி குறைந்தது. அறுபது இருந்த இடத்தில் நாற்பத்தைந்து. வலி மறைந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து புள்ளி, பேரன் பள்ளி வாசல்வரை போய் வரவும் இரவில் தொடர்ந்து சில மணி நேரம் தூங்கவும் போதுமானதாக இருக்கலாம்.

இந்த ஊருக்கு வாய்த்த பெரிய மருந்து, மலையைச் சுற்றி ஓடும் பதினான்கு கிலோமீட்டர் பாதை. பௌர்ணமியன்று லட்சக்கணக்கானவர்களோடு ஒரே மூச்சில் அதை முடிப்பதைப் பற்றி நான் பேசவில்லை. மாதம் ஒருநாள் பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு இருபத்தொன்பது நாள் படுத்திருப்பது முதுகுக்குத் தண்டனை. மற்ற நாட்களில், விடிவதற்கு முன்போ சாய்ந்த வெயிலிலோ, பத்து நிமிடம் போதும். ஒரு வாரம் கழித்து இரண்டு நிமிடம் கூட்டலாம். வலி குறைவான நாளில் அதிகமாக நடந்து, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் பொறி. அதனால் நல்ல நாளிலும் குறித்த அளவோடு நிறுத்த வேண்டும், கெட்ட நாளிலும் கொஞ்சமாவது நடக்க வேண்டும். நடக்கும்போது வலி சற்றுக் கூடி, மறுநாள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கவலை வேண்டாம். எட்டு லிங்கங்களும் வழியில் இருக்கின்றன. ஒரு லிங்கத்திலிருந்து அடுத்தது வரை நடந்து, உட்கார்ந்து, ஆட்டோவில் திரும்பினால் அண்ணாமலையார் கோபிக்கமாட்டார். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச்சாலை கொப்புளம் போட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

நடையோடு கால் வலுவும் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்து முறை செய்யலாம். பிள்ளையார் முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி அளவுக்குத் தோப்புக்கரணம் போட்டாலும் நல்ல பயிற்சிதான். பருப்பு, முட்டை, பால் என்று புரதம் குறையாமல் சாப்பிடாவிட்டால் தசை சேராது. ‘வயசானவங்களுக்குக் கஞ்சி போதும்’ என்ற பழக்கம் இங்கே கெடுதல் செய்கிறது.

நடந்து சரிசெய்ய முடியாத வலிகளும் உண்டு, அவற்றில் தாமதம் கூடாது. லேசாக வழுக்கி விழுந்த பின்னோ, பொருளைத் தூக்கிய பின்னோ திடீரென்று முதுகில் கடும் வலி வந்து, உயரமும் குறைந்து கூன் விழுந்தால், எலும்பு அடர்த்தி குறைந்து முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் இது அதிகம். இவர்கள் இடுக்குப் பிள்ளையாரை வெளியிலிருந்து கும்பிடுவதே நல்லது. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, படுத்தாலும் குறையாத இரவு வலி ஆகியவை இருந்தால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். இருமலே இல்லாமல் அது வரும், மருந்தால் குணமாகும், தள்ளிப்போட்டால் கால் விழுந்துவிடும். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலித்தாலும் உடனே பார்க்க வேண்டும். சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கில் உணர்ச்சி மறைவது, கால் வலுவிழப்பது இவற்றில் எதுவானாலும் அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மசாஜ் போன்ற சில கைச் சிகிச்சைகள், மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் வலி மருந்து ஆகியவற்றை அது ஏற்கிறது. மருந்துக் கடைகளில் தொங்கும் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும், அபின் வகை மாத்திரைகளையும் வேண்டாம் என்கிறது. பெல்ட்டுக்காகப் பணம் செலவழித்த பெரியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வலி மாத்திரை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. “ஊசி போட்டாத்தான் கேக்கும்” என்று வாரம் ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வயதானவர்களுக்கு அது வயிற்றில் புண் போடும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவர் சொல்லும் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டுமே அதை எடுக்க வேண்டும். பெயர் தெரியாத பொடியை வாங்கிச் சாப்பிட்டு ‘ஒரே நாளில் வலி பறந்துவிட்டது’ என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

நம்பிக்கையைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2016இல் லிஸ்பனில் நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 97 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத மாத்திரையை, “இதில் மருந்து எதுவும் இல்லை” என்று சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களுக்கு வலி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. மற்றவர்களுக்கு 9 விழுக்காடு. அக்கறையோடு ஒருவர் பேசுவது, தினமும் தவறாத ஒரு சடங்கு, ‘இது எனக்கு நன்மை செய்யும்’ என்ற எதிர்பார்ப்பு ஆகியவை மூளையின் வலி வழிகளை உண்மையிலேயே தொடுகின்றன. இடுக்கில் நுழைந்து வெளியே வந்த பாட்டி “இப்ப பரவாயில்ல” என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தைரியம் வீட்டுத் தம்ளர்வரை வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதே மலையடிவாரத்தில் ரமணர் 1896இல் வந்து சேர்ந்து 1950இல் மறையும்வரை வாழ்ந்தார். பிற்காலத்தில் மூட்டு வாதம் அவர் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டது. அடியவர்கள் தைலம் தேய்த்தார்கள். அவரோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு, குறித்த வேளையில் மலைச்சரிவிலும் ஆசிரமத்தைச் சுற்றியும் நடப்பதை முதுமையிலும் தொடர்ந்தார். அவருக்கு வலி முழங்காலில். நாம் பேசுவது இடுப்பைப் பற்றி. ஆனாலும் வலியோடேயே அன்றைய நடையை முடிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு இந்த ஊர்ப் பெரியவர்கள் வெளியூரில் சான்று தேட வேண்டியதில்லை.

தனியாக இதையெல்லாம் தொடங்கப் பயமாக இருந்தால் உதவி இருக்கிறது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அம்மாவிடம் “எங்க மாமியாருக்கு இடுப்பு வலி, பயிற்சி சொல்லித்தர ஆள் வருவாங்களா?” என்று கேட்டால் போதும். பயிற்சி கற்றுக்கொண்ட பிறகு வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அத்தை வாளியைத் தூக்கக் குனியும்போது ஓடிப்போய்ப் பிடுங்காமல், “பாதித் தண்ணி எடுத்துக்குங்க அத்தே” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும்.